நச்சரிக்கத் தெரிந்த இயந்திரம்

சர்க்கரை நோயைத் தள்ளிப்போடுவது எப்படி என்ற கேள்விக்கு விடை கிடைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சீனாவின் டாசிங் நகரத்தில் 1986ல் ஆரம்பித்த ஆய்வு, அமெரிக்காவில் 2002ல் முடிவு வெளியான ஆய்வு, சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006ல் வெளியிட்ட ஆய்வு என்று மூன்று நாட்டிலும் கேள்வி ஒன்றுதான், பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தினமும் நட, தட்டில் கொஞ்சம் குறை, எடை கூடியிருந்தால் இறக்கு. அமெரிக்க ஆய்வில் இருந்தவர்கள் 3,234 பேர். இப்படி மாறியவர்களுக்கு நோய் வரும் அபாயம் 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம்தான். சென்னையில் நடையும் சாப்பாட்டு மாற்றமும் சேர்ந்து 28.5 சதவீதம் குறைத்தன. நம்மவர்கள் உடம்புக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம் போல. டாசிங்கில் கலந்துகொண்டவர்களை 30 வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், நோய் வருவது சராசரியாக நாலு வருஷம் தள்ளிப்போயிருந்தது. இதய நோயால் இறப்பதும் குறைந்திருந்தது.

இவ்வளவு தெரிந்தும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் நாடு முழுக்க நடத்தி 2023ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் நோய்க்கு முந்தைய நிலையில், நம் ஊர் பேச்சில் 'பார்டர்'. தெரிந்ததைச் செய்யவைக்க செயற்கை நுண்ணறிவு உதவுமா என்பதுதான் இப்போது என் கேள்வி.

நான் அந்த 13.6 கோடியில் ஒருத்தி. இரண்டாவது பிரசவத்தின்போது சர்க்கரை ஏறியது, குழந்தை பிறந்ததும் இறங்கியது. அப்படி ஒருமுறை வந்து போனவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பதை அப்போதே சொல்லித்தான் அனுப்பினார்கள். இப்போது மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 6-ஐத் தொட்டு நிற்கிறது. 5.7-லிருந்து 6.4 வரை பார்டர், 6.5 என்றால் நோய்.

"மேடம், மாத்திரை இப்ப வேண்டாம். நடங்க, சாதத்தைக் குறைங்க. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றார் டாக்டர். மதுரையில் இந்த வசனத்தைக் கேட்காத வீடு குறைவு.

சாதத்தைக் குறைப்பது என்றால் நம் வீடுகளில் சாதத்துக்குப் பதிலாக வேறொன்றைக் கொண்டுவருவது. சப்பாத்தி வந்தது, அப்புறம் தினைப் பொங்கல், வரகு இட்லி. சிறுதானியம் விற்கும் கடைக்காரர் என் பெயரைத் தெரிந்துகொண்டார். 2025ல் அதே இண்டியாப் குழுவின் உணவு ஆய்வு நேச்சர் மெடிசின் இதழில் வந்தபோது இந்த உற்சாகத்தின் காற்று கொஞ்சம் இறங்கியது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் மாதிரியான புரதம் வந்தால்தான் பலன். மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலாவும் சாப்பிட்டுவிட்டு "நான் சாதமே தொடறதில்ல" என்று சொல்லும் உறவினர்கள் எல்லோருக்கும் இருப்பார்கள்.

எங்கள் அத்தைக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. "ரெண்டு இட்லி எம்மாத்திரம்? ஆபீஸ் போற பிள்ள, இன்னும் ரெண்டு வச்சுக்க" என்பார். "வேணாம் அத்தை, ஒரு முட்டை சாப்பிட்டுக்கறேன்" என்றால், செவ்வாய்க்கிழமை முட்டையா என்று ஒரு பார்வை.

சரி, செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். எல்லோரையும்போல நானும் முதலில் அதை ஆலோசகராகத்தான் வைத்துக்கொண்டேன். தட்டைப் படம் எடுத்து உரையாடல் செயலி ஒன்றில் போட்டு, "இதில் மாவுச்சத்து எவ்வளவு?" என்று தமிழிலேயே கேட்பது. தயங்காமல் பதில் சொல்லும். சாதத்தின் மேற்பரப்பு தெரிகிறது, அடியில் எவ்வளவு என்று படத்தில் தெரியாது. கத்தரிக்காய்ப் பொரியலில் எத்தனை கரண்டி எண்ணெய் போனது என்று அதை வதக்கியவளுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் பதிலில் தசமப் புள்ளி வரை இருக்கும். "இது வடித்த சாதம், கஞ்சியை எடுத்துவிட்டேன், அவ்வளவு இருக்காது" என்று நான் எதிர்த்துப் பேசினால், "நீங்கள் சொல்வது சரி" என்று உடனே இறங்கி வந்துவிடும். அத்தை ஒருநாளும் இப்படி இறங்கமாட்டார்.

தலையாட்டும் இந்தக் குணம் ஏதோ எனக்கு மட்டும் தோன்றியதில்லை. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியில் இயங்கிய தன் ஜிபிடி-4ஓ மாடலுக்குக் கொடுத்த ஒரு மேம்படுத்தலைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது; பயனரைக் கண்மூடித்தனமாக ஆமோதிக்கிறது, புகழ்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். உடம்பு விஷயத்தில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் அதே வருஷம் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சம்பவம் பதிவானது. 60 வயதுக்காரர் ஒருவர் உப்பில் உள்ள குளோரைடை அறவே தவிர்க்க நினைத்து, சாட்ஜிபிடியிடம் ஆலோசனை கேட்டபின் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக சோடியம் புரோமைடை வாங்கி மூன்று மாதம் பயன்படுத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு விஷம் வைக்கிறார் என்ற சந்தேகத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார், பிரமைகளும் வந்தன. நூறு வருஷத்துக்கு முன்னால் புரோமைடு மருந்துகள் புழங்கிய காலத்து நோய் அது. மூன்று வாரம் உள்நோயாளியாக இருந்து குணமானார்.

உனக்கென்றே தனி உணவுத் திட்டம் என்ற வாக்குறுதி இன்னொன்று. இந்த எண்ணத்தின் தொடக்கம் ஒரு நல்ல ஆய்வுதான். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எரான் செகல், எரான் எலினாவ் குழுவினர் 800 பேருக்கு ஒரு வாரம் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் மாட்டி, 46,898 வேளைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை அளந்து 2015ல் வெளியிட்டார்கள். ஒரே ரொட்டி ஒருவருக்குச் சர்க்கரையை ஏற்றுகிறது, இன்னொருவரைத் தொடுவதில்லை. குடல் பாக்டீரியா, ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் கொடுத்தால் யாருக்கு எது ஏறும் என்று கணினி ஓரளவு முன்கூட்டிச் சொன்னது. அன்றிலிருந்து கையில் ஒட்டும் சென்சாரும் போனில் ஒரு ஆப்பும் ஒரு வியாபாரமாகவே வளர்ந்துவிட்டன. ஆனால் 2025ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று, நோய் இல்லாதவர்களுக்கு அதே சாப்பாட்டை இரண்டு வெவ்வேறு நாட்களில் கொடுத்து அளந்து பார்த்தது. ஒரே ஆளுக்கு, ஒரே சாப்பாட்டுக்கு, இரண்டு நாளும் எண் வேறுவேறாக இருந்தது. ஒருநாள் எண்ணைப் பார்த்துவிட்டு "பப்பாளி எனக்கு ஆகாது" என்று வாழ்நாள் முழுக்கத் தள்ளிவைப்பதற்கு அந்த சென்சார் ஆதாரமாகாது. நான் சென்சார் வாங்கவில்லை. விலையும் ஒரு காரணம்.

ஆலோசகர் வேலைக்கு இயந்திரம் சுமார்தான் என்றால் வேறு எதற்கு? எனக்கு ஆச்சரியம் தந்த பதில் 2025 அக்டோபரில் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்டரில் இருக்கும் 368 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவை, மனிதப் பயிற்சியாளர் போன் வழியாகவும் இணையம் வழியாகவும் நடத்தும் ஒரு வருஷத் திட்டத்துக்கு அனுப்பினார்கள். இன்னொரு பிரிவுக்கு ஒரு ஆப்பும் எடைபார்க்கும் டிஜிட்டல் மெஷினும் மட்டும். மனிதர் யாரும் பேசமாட்டார்கள். ஆப் செய்வது ஒன்றுதான்: எந்த நேரத்தில், எப்படிச் சொன்னால் இவர் எழுந்து நடக்கிறார் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி போனில் செய்தி அனுப்புவது. கட்டுரை எழுதும், கவிதை எழுதும் வகை ஏஐ இதில் இல்லை. வருஷக் கடைசியில் எடை, எடையோடு சேர்ந்த உடற்பயிற்சி, ஹெச்பிஏ1சி என்ற இலக்குகளில் ஏதாவது ஒன்றைத் தொட்டவர்கள் ஆப் பிரிவில் 31.7 சதவீதம், மனிதர் பிரிவில் 31.9 சதவீதம். திட்டத்தில் சேரச் சொன்னவுடன் சேர்ந்தவர்களும் கடைசிவரை இருந்தவர்களும் ஆப் பிரிவில்தான் அதிகம். குறித்த நேரத்தில் வகுப்புக்கு வரச் சொல்லாத ஆசிரியரை யாருக்குத்தான் பிடிக்காது?

பத்திரிகைகள் "மனிதருக்கு நிகராக ஏஐ" என்று தலைப்பு வைத்தன. எனக்கு நூறில் அந்த 32-க்கு வெளியே நிற்கிற 68 பேர்தான் கண்ணில் பட்டார்கள். மனிதர் சொன்னாலும் இயந்திரம் சொன்னாலும், மூன்றில் இரண்டு பேர் இலக்கைத் தொடவில்லை.

இதைப் படித்ததும் நினைவுக்கு வந்தது நம் பக்கத்து ஆய்வுதான். 2013ல் முடிவு வெளியான அந்த ஆய்வுக்கு, ஸ்மார்ட்போன் எல்லோர் கைக்கும் வராத காலத்தில், அதே ராமச்சந்திரன் குழுவினர் தென்கிழக்கு இந்தியாவில் வேலைக்குப் போகும் 537 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஒருமுறை அறிவுரை. பாதிப் பேருக்கு அதற்குமேல் வெறும் எஸ்எம்எஸ். மாறுவதற்கு அந்த ஆள் எவ்வளவு தயாராக இருக்கிறார் என்பதைப் பொறுத்துச் செய்தி மாறும். இரண்டு வருஷத்தில் அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. எஸ்எம்எஸ் வாங்கியவர்களில் 18 சதவீதம். ஒன்பது சதவீத வித்தியாசத்தை உண்டாக்கியது சில பைசா செலவில் போன குறுஞ்செய்தி.

ஆகவே என் கட்சி இதுதான்: இந்த விஷயத்தில் இயந்திரத்தின் பலம் அறிவில் இல்லை, அலுக்காமல் நச்சரிப்பதில் இருக்கிறது. டாக்டருக்கு அலுத்துவிடும், வீட்டுக்காரருக்கு அலுத்துவிடும், நமக்கே அலுத்துவிடும். புதுப் பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தபோது ஒரு சின்னப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்துவிட்டது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு காட்டியது. இத்தனை நாள் சலிக்காமல் ஒரே விஷயத்தைச் சொல்ல மனிதரால் ஆகாது, மாமியாரைத் தவிர.

நச்சரிப்பவர் எதைக் கேட்கிறார் என்பதும் முக்கியம். போனில் வரும் 10,000 அடி இலக்கு 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து கிளம்பியது. மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து வந்ததில்லை. 2025ல் லான்செட் பப்ளிக் ஹெல்த்தில் வந்த பெரிய தொகுப்பாய்வு, 2,000 அடி நடப்பவரோடு ஒப்பிட்டால் 7,000 அடி நடப்பவருக்கு இறப்பு அபாயம் 47 சதவீதம் குறைவு என்கிறது. அதற்குமேல் நடந்தாலும் பெரும்பாலானவற்றில் கூடுதல் லாபம் கொஞ்சம்தான். இன்னும் ஆறுதலான சேதி, தொடர்ந்து உட்காராமல் இடையிடையே எழுந்து இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே, உட்கார்ந்தே இருப்பதைவிட சாப்பிட்டபின் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறைகிறது. அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தார் 2022ல் சொன்னது. ட்ராக் சூட்டும் பூங்காவும் வேண்டாம், வாசலுக்கும் கொல்லைக்கும் நாலு நடை போதும். என் போனில் இலக்கை 7,000-க்கு இறக்கி, நினைவூட்டலை மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். தட்டைப் படம் எடுப்பதை விட்டுவிட்டேன்.

விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இயந்திரம் பார்வையில் கெட்டி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2016ல் கூகுள் குழு, சர்க்கரையால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்கும் நிரலைப் பழக்கியது 1,28,175 படங்களில். எங்கள் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் சென்னை சங்கர நேத்ராலயாவின் படங்களும் அதில் சேர்த்தி. பின்னால் அந்த இரண்டு இடங்களிலுமே நேரில் சோதித்தும் பார்த்தார்கள். கண் டாக்டர்களுக்கு இணையாக நின்றது. ஆனால் பக்கத்தில் ஒரு இயந்திரம் பார்த்துக்கொண்டே இருந்தால் மனிதக் கண்ணுக்கு என்ன ஆகும்? போலந்தில் நான்கு மையங்களில், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் 19 அனுபவசாலி டாக்டர்களைக் கவனித்தார்கள். ஏஐ உதவியோடு வேலை செய்யப் பழகுவதற்கு முன், அவர்கள் செய்த பரிசோதனைகளில் 28.4 சதவீதத்தில் புற்றாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். பழகியபின், ஏஐ இல்லாமல் செய்யும் பரிசோதனைகளில் அது 22.4 சதவீதமாக இறங்கியிருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த முடிவு. ஒரு ஆய்வை வைத்து உலகத்தைத் தீர்ப்புச் சொல்லக்கூடாதுதான். ஆனாலும், ஆயிரக்கணக்கில் செய்து கை தேர்ந்த டாக்டருக்கே அப்படி என்றால், அரிசியை ஆழாக்கில் அளந்து, உப்பைக் கைக்கணக்கில் போட்டு, யார் எவ்வளவு சாப்பிடுவார் என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறிய என் கைக்கணக்கை ஒரு போட்டோவிடம் ஒப்படைக்க எனக்கு மனசில்லை. சாதம் எவ்வளவு என்பதை என் கண்ணே சொல்லவேண்டும். கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்து போனை நீட்ட முடியுமா?

அப்புறம், நச்சரிப்பின் எல்லை. அந்த விழித்திரை நிரலைத் தாய்லாந்தின் மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டுபோனபோது நடந்ததைக் கூகுள் ஆய்வாளர்களே 2020ல் எழுதினார்கள். அறையில் வெளிச்சம் சரியாக அமையவில்லை, வெளியே கூட்டம், நர்ஸ் அவசரத்தில் எடுத்த படம் மங்கல். ஐந்தில் ஒரு பங்குக்கு மேலான படங்களைத் தரம் போதாது என்று நிரல் திருப்பி அனுப்பிவிட்டது. நிரலில் கோளாறில்லை. அது எதிர்பார்த்த அறை அங்கே இல்லை.

சர்க்கரையிலும் இதே கதை உண்டு. எஸ்எம்எஸ் ஆய்வில் எல்லோரும் ஆண்கள் என்று சொன்னேன் அல்லவா? என்னைப்போல் பிரசவத்தில் சர்க்கரை வந்த பெண்களை வைத்தும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேச ஆஸ்பத்திரிகளிலிருந்து ஏறக்குறைய 1,600 பேர். நேரில் வகுப்பு, போனில் பேச்சு, செய்திகள் எல்லாம் கொடுத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். 2022ல் முடிவு வந்தது: சர்க்கரை மோசமானவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் சுமார் 25 சதவீதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 27 சதவீதம். சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. கொரோனாவும் குறுக்கே வந்தது, உண்மைதான். ஆனால் கைக்குழந்தையோடு இருக்கும் ஒருத்தியிடம் "மாலையில் அரைமணி நேரம் நடங்கள்" என்று எத்தனை அழகாகச் செய்தி அனுப்பினாலும், அந்த அரைமணி நேரம் குழந்தையை யார் பார்ப்பது என்பது செய்தியில் வராது.

எனக்குக் குழந்தை தூக்கும் காலம் தாண்டிவிட்டது. மதிய நினைவூட்டலுக்கு ஆபீஸில் எழுந்து வராந்தாவில் நடந்துவிடுகிறேன். இரவு ஒன்பதுக்கு வருவதுதான் சிக்கல். அந்த நேரத்தில் தொட்டி நிறையப் பாத்திரம் கிடக்கும். மாவைக் கரைத்து வைக்கவேண்டும், அத்தைக்கு மாத்திரை எடுத்துத் தரவேண்டும், பையனின் டிபன் பாக்ஸ் எங்கே என்று தேடவேண்டும். போன் "நடக்கலாமா?" என்று ஒளிரும், ஈரக் கையால் தள்ளிவிடுவேன். ஜாமா ஆய்வில் இருந்த ஆப் மாதிரி கற்றுக்கொள்ளும் ஆப்பாக இருந்தால் இதற்குள் என்ன கற்றிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். இந்த அம்மா ராத்திரியில் அசையமாட்டாள் என்று கற்றுக்கொண்டு, அந்த நேரத்தில் கேட்பதையே நிறுத்தியிருக்கும். வீட்டில் வேலை எப்படிப் பிரிந்திருக்கிறதோ அதற்குள் எனக்கு ஒரு இடுக்கைத் தேடித் தரும், அவ்வளவுதான். பிரிவினையை மாற்றச் சொல்லாது.

"ஏங்க, இனிமே ராத்திரிப் பாத்திரம் உங்க கணக்கு."

"எனக்கும்தான் சுகர் இருக்கு. நான் எப்ப நடக்கறது?"

"நீங்க காலைல நடங்க. பால் வாங்கப் போறீங்கல்ல, வண்டிய விட்டுட்டுப் போங்க."

அத்தை உள்ளறையிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் டிவி சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

ஏற்பாடு நிற்கிறது. சாப்பிட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புகிறேன். பாத்திரங்கள் பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கின்றன. தோசைக்கல்லை மட்டும் அவரிடம் விடுவதில்லை. இந்த ஏற்பாடு வந்த புதிதில் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டார், மறுநாள் ஒரு தோசைகூட எழும்பவில்லை.